விதை வங்கிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்: குளிர்பெட்டிக்கு முன் ஈரத்தைக் கவனியுங்கள்

அன்புள்ள சமூக விதை வங்கி நண்பர்களுக்கு,

வணக்கம்.

மரபு ரகங்களைத் தேடிச் சேர்ப்பது, ஜாடியில் அடைத்து வைப்பது, விதைக்க வருபவருக்குக் கொடுத்து அறுவடைக்குப் பின் திரும்ப வாங்குவது என்று நீங்கள் செய்யும் வேலை நின்றுபோகக் கூடாது. அந்த அக்கறையில்தான் விதைப் பரிசோதனையில் இருக்கும் நாங்கள் இதை எழுதுகிறோம். ஜாடிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. ஆனால் ஜாடிக்குள் இருப்பதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்ற கணக்கு பல வங்கிகளில் இல்லை. செத்த விதைக்கும் உயிருள்ள விதைக்கும் நிறத்திலோ பருமனிலோ எடையிலோ வேறுபாடு தெரியாது. விதைத்த பிறகுதான் தெரியும். அப்போது பருவம் போய்விட்டிருக்கும். அந்த ரகம் வேறெங்கும் இல்லாததாக இருந்தால், அதுவும் அத்தோடு போய்விடும்.

நாங்கள் கேட்பது இதுதான்: குளிரில் வைக்கும் முன் உலர்த்துங்கள். உலர்ந்ததா என்று கையால் தடவிப் பார்க்காமல் அளந்து பாருங்கள். முளைப்பை எண்ணி உறையின் மேல் எழுதுங்கள். குளிர்பெட்டி, வெற்றிட உறை, கணினிப் பட்டியல் எல்லாம் பிறகு வரட்டும்.

உலர்வுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம் என்றால், விதை தன் உயிரைக் காத்துக்கொள்வதே உலர்ந்துபோவதன் மூலம்தான். செடியில் முதிரும் கடைசிக் கட்டத்தில் விதை தண்ணீரை இழக்கிறது. அதற்கு முன்பே ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளையும், உலர்வைத் தாங்க உதவும் சில புரதங்களையும் செல்லுக்குள் சேர்த்துக்கொள்கிறது. நீர் போகப் போகச் செல்லின் உட்சாறு கெட்டிப்பட்டு, ஒரு கண்ணாடியைப் போல உறைகிறது. அந்த நிலையில் மூலக்கூறுகள் நகர்வதே அரிது. அதனால் சவ்வுகளின் கொழுப்பு கெடுவதும் மரபணு இழைகள் சிதைவதும் மிக மெதுவாகவே நடக்கும். விதைக்குள் மறுபடி ஈரம் ஏறினால் அந்தக் கண்ணாடி இளகும். முளைக்கத் தேவையான அளவு நீர் இருக்காது. கெடுவதற்குத் தேவையான அளவு இருக்கும். பழுதைச் சரிசெய்யும் வேலை நடப்பதற்கு விதை முழுதாக நீர் குடித்திருக்க வேண்டும். ஆகவே அரைகுறை ஈரம்தான் சேமிப்பில் மிகக் கொடியது.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. விதை அறிவியலாளர் ஜேம்ஸ் ஹாரிங்டன் வகுத்த விதி: விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், சேமிப்பு வெப்பம் ஏறத்தாழ 5 டிகிரி குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும். ஈரம் 5 முதல் 14 சதவீதம், வெப்பம் 0 முதல் 50 டிகிரி என்ற எல்லைக்குள் இது பொருந்தும். தோராயமான விதிதான், 1980இல் எல்லிஸும் ராபர்ட்ஸும் தந்த சமன்பாடு இதைவிடத் துல்லியமானது. ஆனால் முடிவெடுக்க இந்தத் தோராயமே போதும். 13 சதவீத ஈரமுள்ள நெல்லை 8 சதவீதத்துக்கு உலர்த்தினால் ஐந்து முறை இரட்டிப்பு, அதாவது 32 மடங்கு. 30 டிகிரி அறையிலிருந்து 5 டிகிரி குளிர்பெட்டிக்கு மாற்றினாலும் அதே 32 மடங்குதான். குளிர்பெட்டி இரவும் பகலும் மின்சாரம் கேட்கும். உலர்த்தல் ஒருமுறை செய்து மூடிவிட்டால் முடிந்தது. இரண்டையும் செய்தால் பலன் ஒன்றோடொன்று பெருகும்.

இனி அளப்பது. தானிய ஈரமானி என்று கிடைக்கும் கருவிகள் 10 சதவீதத்துக்குக் கீழே நம்பத்தக்கவை அல்ல. அவை கொள்முதலுக்காகச் செய்யப்பட்டவை. அதோடு, ஈரச் சதவீதம் என்ற எண்ணே பயிருக்குப் பயிர் வேறு பொருள் தரும். எண்ணெய் தண்ணீரை ஏற்காது என்பதால், 50 சதவீத ஈரப்பதமுள்ள ஒரே காற்றில் வைத்தால் நெல் சுமார் 11 சதவீத ஈரத்தில் நிற்கும். வேர்க்கடலை சுமார் 6 சதவீதத்திலேயே நின்றுவிடும். இரண்டுமே ஒரே அளவுக்கு உலர்ந்தவை. "8 சதவீதம்தான் இருக்கிறது" என்று நெல்லுக்குச் சொன்னால் நல்ல செய்தி, வேர்க்கடலைக்குச் சொன்னால் கெட்ட செய்தி.

அதனால் விதையைச் சூழ்ந்த காற்றின் ஈரப்பதத்தை அளந்துவிடுங்கள். சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று போதும். காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு விதையை நிரப்பி, கருவியின் முகப்பு வெளியே தெரியும்படி உள்ளே வைத்து மூடி, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு விடுங்கள். காலையில் கருவி காட்டும் எண் விதையோடு சமநிலைக்கு வந்த காற்றின் ஈரப்பதம். மணிக்கு மணி மாறிக்கொண்டிருந்தால் இன்னும் சமநிலை வரவில்லை என்று பொருள்; தடித்த பயறுகளுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகும். அந்த எண் 65க்கு மேல் போனால் பூஞ்சணம் பிடிக்கும். 50க்கும் 65க்கும் இடையில் பூஞ்சணம் வராது, ஆனால் வண்டு பெருகும், விதை வேகமாக மூப்படையும். 35க்குக் கீழே பெரும்பாலான சேமிப்புப் பூச்சிகளால் பெருக முடியாது. அறை வெப்பத்தில் வைக்கப்போகும் விதைக்கு 25 முதல் 30 வரை என்ற இலக்கைப் பரிந்துரைக்கிறோம். நீண்டகாலச் சேமிப்புக்கு, ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2014இல் வெளியிட்ட மரபணு வங்கித் தரம் சொல்வது: 5 முதல் 20 டிகிரி வெப்பம், 10 முதல் 25 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் சமநிலை வரும்வரை உலர்த்தி, பிறகு மைனஸ் 18 டிகிரியில் வைப்பது.

கருவி சரியாகக் காட்டுகிறதா என்ற ஐயம் வந்தால், ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல்போலக் குழையுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் கருவியையும் ஒரே பிளாஸ்டிக் பையில் அடைத்து எட்டு மணி நேரம் விட்டால் 75 காட்ட வேண்டும். 79 காட்டினால், இனி வரும் அளவுகளை அந்தக் கருவி நான்கு கூட்டிச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வெயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெயிலில் காய்ந்த விதை, சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்துக்குக் கீழே போகாது. மழைக்காலக் காற்று 75 சதவீதத்தில் இருந்தால் எத்தனை நாள் காயப்போட்டாலும் நெல் 13, 14 சதவீதத்தைத் தாண்டி இறங்காது. பகலில் போன ஈரம் இரவில் திரும்ப ஏறும். இன்னொரு பக்கம், கருப்புத் தார்ப்பாய் மேலோ சிமெண்டுக் களத்திலோ நேர் வெயிலில் பரப்பும்போது விதை தொடும் பரப்பு 50 டிகிரியைக் கடந்துவிடும். ஈரமாக இருக்கும் விதைக்குச் சூடு அதிகம் ஆகாது: ஈரம் 18 சதவீதத்துக்கு மேல் என்றால் 32 டிகிரி, 10 முதல் 18 வரை என்றால் 38 டிகிரி, 10க்குக் கீழே வந்த பிறகுதான் 43 டிகிரி வரை. முதல் நாள் நிழலில் காற்றோட்டமாகப் பரப்பி, பிறகு காலை வெயிலுக்கு மாற்றுங்கள். அவசரப்பட்டால் சோயா போன்றவற்றின் தோல் வெடிக்கும், நெல்லின் உள்ளே கீறல் விழும். அதற்கு மேல் உலர்த்த, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போன்ற உலர்த்தும் பொருள்தான் வழி.

எவ்வளவு உலர்த்தும் பொருள் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே வையுங்கள். உலர்ந்தபின் வர வேண்டிய எடை என்ன? தொடக்க எடையை, 100இலிருந்து தொடக்க ஈரத்தைக் கழித்து வருவதால் பெருக்கி, 100இலிருந்து இலக்கு ஈரத்தைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். 13 சதவீத ஈரமுள்ள 1000 கிராம் நெல் 8 சதவீதத்துக்கு வர வேண்டுமானால்: 1000 பெருக்கல் 87 வகுத்தல் 92, விடை 946 கிராம். வெளியேற வேண்டிய தண்ணீர் 54 கிராம். சியோலைட் உலர்த்து மணிகள் தம் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரைப் பிடிக்கும். ஆகவே 270 கிராம், கொஞ்சம் தாராளமாக 300 கிராம். சிலிக்கா ஜெல் குறைந்த ஈரப்பதத்தில் அவ்வளவு பிடிக்காது, விதையின் எடைக்குச் சம எடை வையுங்கள். புது ஷூ பெட்டியில் வரும் 2 கிராம் பொட்டலம் ஒன்றை அரைக்கிலோ ஜாடியில் போட்டு மூடுவதால் எந்தப் பயனும் இல்லை. ஆனால் பல வங்கிகளில் இதுதான் நடக்கிறது.

மணிகளையோ ஜெல்லையோ துணிப்பையில் கட்டி விதையோடு ஜாடியில் அடையுங்கள். விதைப்பையைத் தினமும் எடை போடுங்கள். 946 வந்ததும் உலர்த்தும் பொருளை வெளியே எடுத்துவிடுங்கள். சியோலைட் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். சிலிக்கா ஜெல்லை 120 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். சியோலைட்டுக்கு 200 டிகிரிக்கு மேல் வேண்டும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நஞ்சு. ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள்.

துணிப்பை, காகித உறை, சாதாரண பாலித்தீன் பை எல்லாம் ஈரத்தை உள்ளே விடும். ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடி அல்லது அலுமினியத் தகடு சேர்ந்த பல அடுக்கு உறைதான் பொருத்தம். குளிர்பெட்டிக்குள் காற்று ஈரமாக இருக்கும் என்பதால், காகித உறையில் விதையை அங்கே வைப்பது அறையில் வைப்பதைவிடக் கெடுதலாகக்கூட முடியலாம். உலராத விதையை உறைபெட்டியில் வைத்தால் உள்ளே பனிப்படிகம் உண்டாகிச் செல்லைக் கிழிக்கும். குளிரிலிருந்து எடுத்த ஜாடியை உடனே திறக்கவும் கூடாது. குளிர்ந்த விதையின் மேல் காற்றின் ஈரம் வியர்த்துப் படியும். ஒரு மாத உலர்த்தல் ஐந்து நிமிடத்தில் வீணாகும். மூடியபடியே ஓர் இரவு வெளியே வைத்து, மறுநாள் திறவுங்கள். இதனால்தான் ஒரே பெரிய ஜாடியாக வைக்காமல், ஓர் ஆண்டுத் தேவைக்கு ஓர் உறை என்று சின்னச் சின்னதாகப் பிரிக்கச் சொல்கிறோம்.

பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டு உள்ளே வந்துவிடும். நன்கு உலர்ந்த பயறை மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டை, புழு எல்லாம் செத்துவிடும்.

இப்போது முளைப்புச் சோதனை. பத்து விதையைப் போட்டு எட்டு முளைத்தால் "80 சதவீதம்" என்று எழுதுவதை நிறுத்துங்கள். உண்மையில் 80 சதவீதம் முளைக்கும் ஒரு குவியலிலிருந்து 25 விதை எடுத்தால், விடை 64க்கும் 96க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். 100 விதை எடுத்தால் 72க்கும் 88க்கும் இடையில். 400 எடுத்தால் 76க்கும் 84க்கும் இடையில். பன்னாட்டு விதைப் பரிசோதனைச் சங்கத்தின் விதி 400 கேட்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். உங்களிடம் அவ்வளவு விதை இருக்காது. 100 விதையை நான்கு இருபத்தைந்தாகப் பிரித்துச் சோதியுங்கள். நான்கில் ஒன்று மட்டும் பெரிதும் விலகி நின்றால் அந்தத் தாளில் தண்ணீர் கூடிவிட்டது அல்லது பூஞ்சணம் பரவிவிட்டது. சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

தடித்த தாளை நனைத்துப் பிழியுங்கள். விரலால் அழுத்தினால் விரலைச் சுற்றி நீர் தேங்கக் கூடாது. விதைகளை ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக வைத்து, மேலே இன்னொரு தாள் மூடி, தளர்வாகச் சுருட்டி, பிளாஸ்டிக் பைக்குள் செங்குத்தாக நிறுத்தி, 25 டிகிரி அளவில் வையுங்கள். மக்காச்சோளத்தை 4ஆம் நாளும் 7ஆம் நாளும் எண்ண வேண்டும். நெல்லையும் தக்காளியையும் 5ஆம் நாளும் 14ஆம் நாளும். தட்டைப்பயறை 5ஆம் நாளும் 8ஆம் நாளும்.

எண்ணுவதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. முளைவேர் எட்டிப் பார்த்ததும் "முளைத்தது" என்று சேர்க்காதீர்கள். 7ஆம் நாள் மக்காச்சோளச் சுருளை விரித்துப் பாருங்கள். ஒன்றில் வெள்ளை வேர் பென்சில்போல நீண்டு, பஞ்சு போன்ற தூவிகளோடு இருக்கும்; குருத்துறையைப் பிளந்துகொண்டு பச்சை இலை வந்திருக்கும். இது இயல்பான நாற்று. பக்கத்தில் இன்னொன்றில் வேர் அரை அங்குலத்தில் மொண்ணையாக நின்றிருக்கும். அல்லது குருத்துறை பக்கவாட்டில் கிழிந்து இலை சுருண்டு வெளியே வந்திருக்கும். இவை மண்ணைத் துளைத்து மேலே வராது. இவற்றை இயல்பற்றவை என்று தனியாக எழுதுங்கள். மூப்படையும் விதைக்குவியலில் முதலில் கூடுவது இவைதான், சாவு பிறகே தொடங்கும். நீரே குடிக்காமல் கல்போல இருப்பது கடினவிதை. நீர் குடித்தும் கெடாமல் உறுதியாக இருப்பது உறங்கும் விதை. அழுத்தினால் நசுங்குவது செத்தது.

உறக்கத்தைச் சாவு என்று எண்ணி நல்ல விதையைக் கொட்டிவிடுவதும் நடக்கிறது. அறுவடையான புதிய நெல்லில், முளைப்பைத் தடுக்கும் அப்சிசிக் அமிலத்தின் பிடி இன்னும் தளர்ந்திருக்காது. 50 டிகிரி உலர் வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து நாள் வைத்துச் சோதித்தால் உண்மை தெரியும். கடினவிதைக்கு, முளைவேர் இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து எதிர்ப்பக்கத் தோலை உப்புத்தாளில் உரசினால் போதும்.

அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால் டெட்ராசோலியம் சோதனை இருக்கிறது. 1940களில் ஜெர்மனியில் ஜார்ஜ் லாக்கோன் வளர்த்தெடுத்த முறை. மக்காச்சோள மணியை 18 மணி நேரம் ஊறவைத்து, கருவின் நடுவே நெடுக்காக வெட்டி, ஒரு பாதியை நிறமற்ற டெட்ராசோலியம் கரைசலில் 30 டிகிரியில் இருட்டில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். மூச்சுவிடும் செல்லில் உள்ள நொதிகள் அந்த உப்பைச் சிவப்பாக மாற்றும். கரு முழுதும் சிவந்திருந்தால் உயிர் இருக்கிறது. வேர்முனை மட்டும் வெளுத்திருந்தால் அந்த விதை நல்ல நாற்றாகாது. சுற்றியுள்ள மாவுப்பகுதி சிவக்காததைக் கண்டு பயப்பட வேண்டாம். முதிர்ந்த மணியில் அது இறந்த திசுதான்.

விதையின் முளைப்பு நேர்கோட்டில் இறங்காது. நெடுங்காலம் 95க்குப் பக்கத்தில் நிற்கும், பிறகு சரசரவென்று சரியும். 85 என்பது அந்தச் சரிவின் விளிம்பு. மரபணு வங்கிகளின் தரம், தொடக்க முளைப்பில் 85 சதவீதத்துக்கு இறங்கியதும் வயலில் விதைத்துப் புதுப்பிக்கச் சொல்வது இதனால்தான். "இன்னும் 60 இருக்கிறதே" என்று இன்னோர் ஆண்டு விடாதீர்கள். முளைக்கும் 60கூட வீரியம் இழந்தவை. அதோடு, பிழைத்தவற்றை மட்டும் விதைத்துப் பெருக்கும்போது, சேமிப்பைத் தாங்கியவையாக ரகமே தானறியாமல் மாறிவிடும்.

புதுப்பிக்கும்போது எத்தனை செடி? ரகத்துக்குள் 20இல் ஒரு பங்கு அளவில் இருக்கும் ஒரு மரபணு வடிவத்தைத் தவறவிடாமல் இருக்க, 95 சதவீத உறுதியோடு 59 மரபணுப் பிரதிகள் வேண்டும். நெல் போலத் தன்மகரந்தம் செய்பவற்றில் ஒரு செடியின் இரு பிரதிகளும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் அது 60 செடி. அயல்மகரந்தம் செய்பவற்றில் ஒரு செடியே இரு தனிப் பிரதிகளைத் தரும் என்பதால் 30 செடியே அந்தக் கணக்குக்குப் போதும். ஆனால் மக்காச்சோளம் நெருங்கிய உறவுக்குள்ளேயே கூடினால் ஓரிரு தலைமுறையில் நலிந்துவிடும். அதனால் அதற்கு 100 செடி வையுங்கள். பெரிய கதிரைப் பார்த்து எடுக்காமல், ஒவ்வொரு செடியிலிருந்தும் சம எண்ணிக்கையில் மணி எடுங்கள். மற்ற மக்காச்சோள வயலிலிருந்து குறைந்தது 200 மீட்டர் விலகல் வேண்டும். இல்லையென்றால் பூக்கும் நாள் ஒத்துவராதபடி விதைப்பைத் தள்ளுங்கள்.

மா, பலா, கொக்கோ, ரப்பர், தேயிலை, வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அவற்றின் விதை உலர்ந்தால் சாகும். ஜாடியில் வாங்கி வைக்காதீர்கள். மரமாக வளர்த்துக் காப்பதே வழி. ஆய்வகங்களில் கருவை மட்டும் பிரித்துத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் காப்பாற்றுகிறார்கள். காபி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: ஓரளவு உலர்வைத் தாங்கும், உலர்ந்தபின் குளிரைத் தாங்காது.

உங்கள் துண்டறிக்கைகளில் "கலப்பின விதை மலட்டு விதை, மறுபடி முளைக்காது" என்ற வரியைக் காண்கிறோம். அதை எடுத்துவிடுங்கள். கலப்பினச் செடியின் விதை பெரும்பாலும் நன்றாகவே முளைக்கும். அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்து, செடிக்குச் செடி உயரமும் காலமும் விளைச்சலும் மாறுபடும், அவ்வளவுதான். மலடாக்கும் தொழில்நுட்பத்துக்கு 1998இல் அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டது உண்மை. 2000இல் உயிர்ப் பன்மைய உடன்படிக்கை நாடுகள் அதைத் தடுத்து நிறுத்தின. அது சந்தைக்கு வந்ததே இல்லை. தவறான வரி ஒன்று இருந்தால், அதற்குப் பக்கத்தில் உள்ள சரியான பத்து வரிகளையும் வேளாண் துறையினர் நம்ப மாட்டார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது வேறொரு பக்கம் நடக்கிறது: 2019இல் நெல்லில், கருவுறாமலே தாயின் அச்சாக விதை உண்டாக்கும் முறையை ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது வயலுக்கு வந்தால் கலப்பின விதையையே உழவர் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதன் உரிமை யாரிடம் இருக்கும் என்ற விவாதத்தில் உங்கள் குரல் இருக்க வேண்டும்.

இஸ்ரேலின் மசாதாக் கோட்டையில் கிடைத்த ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைய பேரீச்ச விதை முளைத்ததைச் சொல்லி, விதை சாகாது என்று ஆறுதல் தேடாதீர்கள். பாலைவனத்தின் வறண்ட காற்றுதான் அதைக் காத்தது. மறுபுறம், 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தாவரவியலாளர் வில்லியம் பீல் 21 இன விதைகளை ஈர மணலோடு குப்பிகளில் புதைத்தார். 2021இல் தோண்டியபோது முளைத்தது கிட்டத்தட்ட ஒரே ஒரு களையினம். வெங்காயம், வேர்க்கடலை, சோயா விதைகள் அறை வெப்பத்தில் அடுத்தடுத்த பருவங்களிலேயே தளர்ந்துவிடும்.

உறையின் மேல் எழுத வேண்டியவை: ரகத்தின் பெயர், அறுவடை ஆண்டு, எத்தனை தாய்ச்செடியிலிருந்து எடுத்தது, அடைத்தபோது ஹைக்ரோமீட்டர் காட்டிய எண், சோதித்த தேதி, சோதித்த விதை எண்ணிக்கை, இயல்பான நாற்றுகளின் எண்ணிக்கை. பென்சிலால் எழுதிய ஒரு சீட்டை உறைக்குள்ளும் போடுங்கள். மை மங்கும், பென்சில் மங்காது. வாங்க வருபவருக்கு அந்த எண் தெரிந்தால், 70 முளைப்பு உள்ள விதையை அதற்கேற்றாற்போல் நெருக்கி விதைத்துக்கொள்வார்.

ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பங்கை வேறொரு வங்கியில் வையுங்கள். சிரியாவில் அலெப்போவுக்கு அருகே இருந்த, வறண்ட நில வேளாண்மைக்கான இக்கார்டா ஆய்வு மையத்தின் மரபணு வங்கி போரால் கைவிட்டுப்போனபோது, நார்வேயின் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்தில் வைத்திருந்த இரட்டைப் பிரதிகளை 2015இல் திரும்ப எடுத்து, மொராக்கோவிலும் லெபனானிலும் விதைத்துப் பெருக்கினார்கள்.

இந்தப் பருவம் முடிவதற்குள் உங்களிடம் உள்ள ஜாடிகளில் மிகப் பழைய இருபதை மட்டும் எடுத்து, நூறு நூறு விதையாகச் சோதித்து, வந்த எண்களை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வெளியிடுங்கள். 85க்குக் கீழே உள்ளவற்றை அடுத்த பருவத்திலேயே விதைக்க இடம் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
விதைப் பரிசோதனையில் பணியாற்றும் சிலர்

பி.கு.: நன்கு உலர்த்திய பயறு வகைகளை எடுத்ததும் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். நீர் திடீரென்று பாயும்போது சவ்வுகள் சீராக விரியாமல் கிழிந்து, செல்லின் சாறு வெளியே கசியும். விதையிலைகளில் குறுக்கே வெடிப்பு விழும். ஒரு டப்பாவின் அடியில் தண்ணீர், அதற்கு மேல் தண்ணீரைத் தொடாத சல்லடையில் விதை, மேலே மூடி என்று ஓர் இரவு வைத்து, காற்றின் ஈரத்தை மெதுவாகக் குடிக்கவிட்ட பிறகு சோதியுங்கள், விதையுங்கள்.